ஃபில்லின் கடைசி அடி எது? ராக் டிரம்ஸ் பழகுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அடிப்படை ராக் பீட்டைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: பீட் கைக்கு வந்துவிட்டது, பாட்டின் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு அழைத்துப்போகும் சிறு துண்டான ஃபில் என்றதும் கை தடுமாறுகிறது. ஆகவே இந்தப் பக்கங்கள் முழுவதையும் ஃபில்லுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களில் வரும் கை வரிசைகள் வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்களுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

கேள்வி: நான்கு மாதமாக டிரம்ஸ் கற்கிறேன். மூன்று பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) பீட் வாசித்துவிட்டு நான்காவது பாரில் "உனக்குத் தோன்றியதை வாசி" என்கிறார் ஆசிரியர். எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. கை அப்படியே நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் ஆசிரியர் சொன்னதில் தவறில்லை, ஆனால் அது சில ஆண்டுகள் வாசித்தவருக்குச் சொல்ல வேண்டிய சொல். பேசத் தொடங்கும் குழந்தையிடம் "ஏதாவது பேசு" என்றால் அது விழிக்கத்தான் செய்யும். முதலில் நான்கைந்து சொற்கள் வாயில் இருக்க வேண்டும்.

பாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி வரப்போகிறது என்பதை டிரம்மர் அறிவிக்கும் சிறு துண்டுதான் ஃபில். மேடை வழக்கில் இதையே ரோல் என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஆனால் குச்சிகளைத் தோலின் மேல் இடைவெளி தெரியாமல் உருட்டி எழுப்பும் தொடர் ஒலிக்கும் ரோல் என்றே பெயர் இருப்பதால், குழப்பம் வேண்டாம் என்று இங்கே ஃபில் என்றே எழுதுகிறேன். ராக் பாடல்களில் பெரும்பாலானவை ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை கொண்டவை. அவற்றின் பகுதிகள் பெரும்பாலும் நான்கு அல்லது எட்டுப் பார்களாக அமைந்திருக்கும். அந்தக் கடைசிப் பாரில், அதிலும் பெரும்பாலும் அதன் பின்பாதியில், ஃபில் வரும். பிறகு அடுத்த பாரின் ஒன்றாம் எண்ணிக்கையில் கிராஷ் என்ற பெரிய சிம்பலும், காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கும் சேர்ந்து விழும். ஃபில்லின் உண்மையான கடைசி அடி அதுதான். நம் தாள வழக்கில் சமம் என்று சொல்கிறோமே, அந்த இடம். அதற்கு முன் வந்த அடிகள் எவ்வளவு எளியவையாக இருந்தாலும், சமத்தில் சரியாக இறங்கிவிட்டால் கேட்பவருக்கு அது நல்ல ஃபில். எவ்வளவு மின்னலாக வாசித்தாலும் அங்கே ஒரு நூலளவு முந்திவிட்டால் குழுவில் உள்ள எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆகவே உங்கள் முதல் ஃபில் ஒரே ஓர் எண்ணிக்கை நீளம் இருந்தால் போதும். ஹை-ஹாட்டில் (பெடலால் சேரும் இரட்டைச் சிம்பல்) எட்டு அடி, கிக் ஒன்றிலும் மூன்றிலும், ஸ்நேர் (உங்களுக்கு நேர் முன்னால் இருக்கும் டிரம்) இரண்டிலும் நான்கிலும் என்ற வழக்கமான பீட்டை மூன்று பார் வாசியுங்கள். நான்காவது பாரில் முதல் மூன்று எண்ணிக்கை வரை அதே பீட். நான்காம் எண்ணிக்கையில் மட்டும் ஸ்நேரில் வலது, இடது, வலது, இடது என்று நான்கு அடி. வாயால் "ஒன்று, இரண்டு, மூன்று, தகதிமி" என்று சொல்லுங்கள். அடுத்த "ஒன்று" வரும்போது கிராஷும் கிக்கும். தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை 60இல் (நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை) வைத்தால் ஒரு பார் சரியாக 4 விநாடி ஓடும். நான்கு பாருக்கு 16 விநாடி என்றால், 10 நிமிடத்தில் இந்தச் சமத்தை 37 முறை சந்தித்துவிடலாம். நாள் முழுதும் தோன்றியதை வாசித்தாலும் இத்தனை முறை அந்த இடத்தைக் கவனத்தோடு கடந்திருக்க மாட்டீர்கள்.

வலக்கை ஹை-ஹாட்டிலிருந்து ஸ்நேருக்கு வரும் நொடியில் தடுக்கினால், மூன்றாம் எண்ணிக்கைக்குப் பின்னால் வரும் அந்த ஒரு ஹை-ஹாட் அடியைத் தற்போதைக்கு விட்டுவிடுங்கள். கைக்கு இருமடங்கு நேரம் கிடைக்கும், கேட்பவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவும் செய்யாது. ஒரு வாரம் கழித்து ஃபில்லை மூன்றாம் எண்ணிக்கையிலிருந்து தொடங்கி இரண்டு தகதிமியாக நீட்டலாம்: முதல் நான்கு அடி ஸ்நேரில், அடுத்த நான்கு ஃப்ளோர் டாமில் (வலப்பக்கம் தரையில் நிற்கும் டிரம்). முழுப் பார் ஃபில்லுக்கு அவசரமே இல்லை. அனுபவமுள்ள டிரம்மர்களும் பெரும்பாலான இடங்களில் இந்த ஒன்று, இரண்டு எண்ணிக்கை ஃபில்களைத்தான் வாசிக்கிறார்கள்.

கேள்வி: பீட் வாசிக்கும்போது தாளம் நிற்கிறது. ஃபில் தொடங்கியதும் ஓடிவிடுகிறேன் என்று கிட்டார் வாசிக்கும் நண்பர் சொல்கிறார். மெட்ரோனோமோடு வாசித்தாலும் கடைசியில் அதற்கு முன்னால் போய் நிற்கிறேன். என் கைக்கு வேகம் போதாததுதான் காரணமா?

பதில்: காரணம் அதற்கு நேர்மாறானது. வேகம் போதாதவர்தான் பின்தங்குவார். நீங்கள் தேவையில்லாத இடத்தில் வேகத்தைக் கூட்டுகிறீர்கள். ஃபில் என்றால் வேகமாக அடிக்க வேண்டிய இடம் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. கை அதற்குக் கீழ்ப்படிகிறது.

உங்கள் வலக்கையை மட்டும் தனியே கவனியுங்கள். பீட்டில் அது ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு அடி வீதம் ஹை-ஹாட்டில் விழுந்துகொண்டிருக்கிறது. ஃபில்லில் ஓர் எண்ணிக்கைக்கு நான்கு அடி. அவற்றை இரு கைகளும் மாறி மாறி வாசிக்கின்றன. அப்படியானால் வலக்கையின் பங்கு எவ்வளவு? அதே இரண்டு அடிதான். த, தி என்ற இரண்டும் வலக்கை. க, மி என்ற இரண்டும் அவற்றின் இடைவெளியில் விழும் இடக்கை. அதாவது பீட்டிலிருந்து ஃபில்லுக்குப் போகும்போது வலக்கையின் வேகம் மாறவே வேண்டியதில்லை. அது அடிக்கும் இடம் மட்டுமே மாறுகிறது. இதை ஒரு மாணவருக்கு விளக்கியபோது அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா, இத்தனை நாள் நான் இரண்டு கையாலும் ஓடிக்கொண்டிருந்தேனே" என்றார்.

இதைப் பயிற்சியாக்குவது எளிது. பீட்டை வாசித்துக்கொண்டே நான்காவது பாருக்கு வாருங்கள். அங்கே இடக்கையை முழுவதும் நிறுத்திவிட்டு, வலக்கையை மட்டும் அதே ஓட்டத்தில் ஸ்நேரில் இரண்டு, முதல் டாமில் (கிக்கின் மேலே இருக்கும் சிறு டிரம்கள் டாம்கள்) இரண்டு, இரண்டாவது டாமில் இரண்டு, ஃப்ளோர் டாமில் இரண்டு என்று நடத்திக்கொண்டு போய் கிராஷில் இறக்குங்கள். இது சலிப்பூட்டும் அளவுக்குச் சரியாக வந்த பிறகு, வலக்கையைத் தொந்தரவு செய்யாமல் இடைவெளிகளில் இடக்கையைச் செருகுங்கள். அந்த நொடியிலேயே உங்கள் கையில் ஒரு முழுப் பார் ஃபில் இருக்கும். அதுவும் ஓடாத ஃபில்லாக இருக்கும்.

இரண்டாவது காரணம் காலில் இருக்கிறது. புதியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஃபில் தொடங்கியதும் இரண்டு கால்களும் உறைந்துவிடும், மூச்சும் கூடவே நிற்கும். (புள்ளிவிவரம் அல்ல, எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வந்த கணக்கு.) பீட்டில் காலும் கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன, கால் விட்டுவிட்டால் கைகளுக்குப் பிடிமானம் இல்லை. இடது காலால் ஹை-ஹாட் பெடலை ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒருமுறை மிதித்துக்கொண்டே ஃபில் வாசிக்கப் பழகுங்கள். முதல் சில நாள் இது தலையைத் தடவிக்கொண்டே வயிற்றைத் தட்டுவது போலிருக்கும். காலுக்குப் பழகும் வரை, ஃபில்லில் இருப்பது நான்கே அடியாக இருக்கட்டும்.

மெட்ரோனோமை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1815இல் மெல்செல் என்பவர் காப்புரிமை பெற்ற நாளிலிருந்து இந்தக் கருவி செய்வது ஒரே வேலைதான்; அது உங்களைத் திருத்தாது, நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் அது ஒலித்தால் நீங்கள் ஓடும் ஓட்டத்தை ஒவ்வோர் ஒலியும் இழுத்துப் பிடித்துவிடுவதால் தவறு மறைந்துவிடுகிறது. 80 வேகத்தில் நன்றாக வாசிக்க முடிகிறது என்றால், கருவியை 40இல் வைத்து, அது ஒன்றிலும் மூன்றிலும் மட்டும் ஒலிப்பதாகக் கொண்டு வாசியுங்கள். இப்போது நான்காம் எண்ணிக்கையில் துணைக்கு யாரும் இல்லை. அடுத்த ஒலியும் உங்கள் கிராஷும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒலி கேட்காமலே போனால் சரியாக வந்துவிட்டீர்கள் என்று பொருள். கிராஷுக்குப் பிறகு ஒலி தனியாகக் கேட்டால் முந்திவிட்டீர்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது கேட்கும் காதும் வாசித்த பிறகு கேட்கும் காதும் வேறு வேறு.

கேள்வி: டாம்களைச் சுற்றி வாசிக்கும்போது குச்சிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அல்லது விளிம்பில் பட்டு "டக்" என்று சத்தம் வருகிறது. மெதுவாக வாசித்தாலும் இப்படித்தான். டாம்களைத் தவறாக வைத்திருக்கிறேனா?

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் கையின் வழியைப் பார்ப்போம். ஸ்நேர், முதல் டாம், இரண்டாவது டாம், ஃப்ளோர் டாம் என்று போகும் பாதை இடமிருந்து வலமாகப் போகிறது. ஒவ்வொரு டிரம்மிலும் நான்கு அடி என்றால் ஒவ்வொன்றையும் வலக்கை தொடங்கி வைக்கும், இடக்கை முடித்துவைக்கும். வலப்பக்கம் இருக்கும் கை முதலில் வழிவிட்டுப் போய்விடுவதால் இடக்கைக்குத் தடையே இல்லை. ஸ்நேரில் மூன்றாவது அடியை அடித்ததுமே வலக்கையின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. நான்காவது அடியை இடக்கை அடிக்கும் நேரத்திலேயே வலக்கை அடுத்த டாமின் மேல் போய் நின்றிருக்க வேண்டும். 60 வேகத்தில் இந்தப் பயணத்துக்கு அரை விநாடி இருக்கிறது. அது தாராளமான நேரம். மோதல் வருகிறது என்றால், இடக்கை முடிக்கும் வரை வலக்கை அங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மிக மெதுவாக வாசித்து, நான்காவது அடியில் நிறுத்தி, வலது குச்சி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். ஸ்நேரின் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது.

இதே காரணத்தால்தான் ஒரு டிரம்மில் மூன்று அடி வீதம் நகரும் ஃபில்கள் புதியவர்களைச் சிக்கவைக்கின்றன. வலது, இடது, வலது என்று ஸ்நேரில் முடிந்த பிறகு அடுத்த டாமை இடக்கை தொடங்க வேண்டும். வலக்கை இன்னும் வழியில் இருக்கும். கைகள் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்டுக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒவ்வொரு டிரம்மிலும் இரட்டைப்படை அடிகள் என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோர் டாமிலிருந்து ஸ்நேருக்குத் திரும்பி வருவதும் இப்படிப்பட்ட சிக்கல்தான்: திசை மாறியதால் இப்போது இடக்கை முன்னே போக வேண்டும். அதற்கு இடக்கையில் தொடங்கும் தகதிமியைத் தனியே பழகிக்கொள்ள வேண்டும்.

விளிம்பில் படுவதற்கு இருக்கையும் டாம்களின் சாய்வும் காரணமாகலாம். தொடை இடுப்பிலிருந்து சற்றே கீழ்நோக்கிச் சரியும் உயரத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை இயல்பாக நீட்டி ஒவ்வொரு டாமையும் அடியுங்கள். குச்சி எங்கே விழுகிறதோ அங்கே தோலின் நடு வரும்படி டாமை நகர்த்துங்கள். டாமைத் தேடிக் கை போகக் கூடாது. அதிகமாகச் சாய்த்து வைத்தால் அழகாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். குச்சியின் நுனி தோலைக் குத்தும், எகிறி வருவது குறையும், தோலும் சீக்கிரம் குழிவிழும். ஃப்ளோர் டாமை நெருங்கும்போது வலது தோள் காதை நோக்கி உயர்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். உயர்ந்தால் ஃப்ளோர் டாம் தொலைவில் இருக்கிறது, இழுத்து வையுங்கள்.

கேள்வி: ஃபில் பழகுவதற்கு முன் எத்தனை ரூடிமென்ட் (அடிப்படைக் கை வரிசை) தெரிந்திருக்க வேண்டும்? நாற்பதும் தெரியாமல் ஃபில் பக்கம் போகாதே என்கிறார் ஒருவர்.

பதில்: அமெரிக்காவைச் சேர்ந்த பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984இல் வகுத்த பட்டியலில் 40 ரூடிமென்ட்கள் இருக்கின்றன. அவற்றில் பல, ஸ்நேரை மட்டும் தனியே வாசித்த அணிவகுப்பு மரபிலிருந்து வந்தவை. அத்தனையும் முடித்துவிட்டுத்தான் ஃபில் என்றால் பாதிப் பேர் அதற்குள் கிட்டார் கற்கப் போய்விடுவார்கள். ஒற்றை அடி (வலது இடது வலது இடது), இரட்டை அடி (வலது வலது இடது இடது), இவை இரண்டும் கலந்த பாரடிடில் (வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது), ஒரு கை மற்றதைவிட மயிரிழை முந்தி மெல்ல விழும் ஃப்ளாம் ஆகிய நான்கு போதும். ஃப்ளாமை அலட்சியப்படுத்த வேண்டாம். நான்காம் எண்ணிக்கையில் ஸ்நேரில் ஒரே ஒரு கனமான ஃப்ளாம் அடித்துவிட்டு ஒன்றில் இறங்குவதே ஒரு முழு ஃபில்தான், அதுவும் நல்ல ஃபில்.

கேள்வி: நான் இடக்கைக்காரன். கிட்டை (டிரம்களும் சிம்பல்களும் சேர்ந்த தொகுப்பை) மாற்றி அமைப்பதா, கையை மாற்றிக்கொள்வதா?

பதில்: இரண்டுமே நடந்திருக்கின்றன. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்கான கிட்டில் உட்கார்ந்து வாசித்தார். தம் ஃபில்கள் பிறருடையவை போல ஒலிக்காததற்கு இதையே அவர் காரணமாகச் சொல்லியிருக்கிறார். பில் காலின்ஸும் இடக்கைக்காரர். அவர் கிட்டையே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி அமைத்துக்கொண்டார். சொந்தக் கிட் இருந்தால் மாற்றி அமையுங்கள். மேலே எழுதிய எல்லாவற்றிலும் வலது, இடது என்ற சொற்களை இடம் மாற்றிப் படித்தால் போதும். எங்கே போனாலும் பிறர் கிட்டில்தான் வாசிக்க வேண்டும் என்றால், மாற்றாமலேயே, ஸ்நேரிலிருந்து புறப்படும் ஃபில்களை மட்டும் வலக்கையில் தொடங்கப் பழகுங்கள்.

கேள்வி: ஸ்நேரில் நான்கு, டாமில் நான்கு என்று சுற்றி வரும் ஃபில் நன்றாக வருகிறது. ஆனால் எந்தப் பாட்டுக்கு வாசித்தாலும் அதையே வாசிக்கிறேன். புதிய ஃபில்களை எங்கே கண்டுபிடிப்பது?

பதில்: பலர் இந்தக் கட்டத்தில் இன்னொரு டாம் வாங்கிவிடுகிறார்கள். அடிக்கும் இடத்தை மாற்றினால் நிறம்தான் மாறும்; தாளத்தின் உருவம் அப்படியே இருக்கும். உருவத்தை மாற்ற மிக எளிய வழி, உள்ள அடிகளிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவது.

தகதிமியில் த வலக்கை, க இடக்கை, தி வலக்கை, மி இடக்கை. இந்தப் பொறுப்பைக் கைகளுக்கு நிலையாகக் கொடுத்துவிட்டு, ஓர் அசையை மட்டும் மௌனமாக்குங்கள். "மி"யை விட்டால் "தகதி–": வலது, இடது, வலது, ஒரு மூச்சு. "க"வை விட்டால் "த–திமி": வலது, இடைவெளி, வலது, இடது, குதிரை ஓடுவதுபோன்ற நடை வந்துவிடும். "தி"யை விட்டால் "தக–மி": வலது, இடது, இடைவெளி, இடது. "த"வையே விட்டால் "–கதிமி": எண்ணிக்கை விழும் இடத்தில் மௌனம், பிறகு இடக்கையில் தொடக்கம், இது சற்றுக் கடினம், காலால் எண்ணிக்கையை மிதித்துக்கொண்டிருந்தால்தான் நிற்கும். முழுத் தகதிமியையும் சேர்த்தால் கையில் ஐந்து சொற்கள். ஒரு பாரில் நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஏதேனும் ஒன்று என்றால் 625 வகை, ஒரு டாமைக்கூடத் தொடாமல். அத்தனையையும் வாசிக்கச் சொல்லவில்லை. "தகதி– தகதி– த–திமி தகதிமி" என்பதைப் போல வாயால் சொல்லிப் பார்த்து, சொல்லும்போதே தலையாட்டத் தோன்றுகிற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் வராத ஃபில் கையில் வராது.

அடுத்த வழி, நான்கு நான்காகப் பிரிப்பதை மாற்றுவது. ஒரு பாரில் இருக்கும் 16 அடிகளை 6, 6, 4 என்று பிரித்து, ஸ்நேரில் ஆறு, டாமில் ஆறு, ஃப்ளோர் டாமில் நான்கு என்று வாசியுங்கள். எல்லாம் இரட்டைப்படை என்பதால் வலக்கைதான் ஒவ்வொரு முறையும் தொடங்கும், கைகள் மோதாது. ஆனால் டிரம் மாறும் இடம் எண்ணிக்கையோடு பொருந்தாமல் வேறெங்கோ விழுவதால், கேட்பவர் ஒரு கணம் தரை நகர்ந்ததுபோல உணர்வார். கடைசி நான்கு அடி அவரை மீண்டும் சேர்த்துவிடும். வாசிப்பவரும் நகர்ந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால் இதையும் காலை நிறுத்தாமல்தான் பழக வேண்டும்.

மூன்றாவது, திஸ்ர நடை. ஓர் எண்ணிக்கைக்கு நான்குக்குப் பதில் மூன்று அடி, "தகிட தகிட". இதையே வலது, இடது, கிக் என்று பிரித்து, மூன்றாவது அடியைக் காலுக்குக் கொடுத்தால் லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹாம் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த உருளும் ஒலி கிடைக்கும். கால் மற்ற இரண்டு அடிகளுக்குச் சமமான அழுத்தத்தில் விழ வேண்டும் என்பதால் இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். சதுஸ்ரத்திலிருந்து திஸ்ரத்துக்கு மாறுமிடத்தில் பெரும்பாலோர் நான்கின் வேகத்திலேயே மூன்றை அடித்துவிட்டு மீதி நேரத்தில் காத்திருப்பார்கள். ஒரு பார் முழுதும் தகதிமி, ஒரு பார் முழுதும் தகிட என்று தொடையில் மாற்றி மாற்றித் தட்டுங்கள். மூன்று சற்று அகலமாக உட்காருவதைத் தொடையே உணர்ந்துவிடும்.

எல்லா அடிகளையும் ஒரே அழுத்தத்தில் அடிக்கிறீர்களா என்பதையும் கேட்டுப் பாருங்கள். ஸ்நேரில் வெறும் தகதிமியை மெல்லத் தொடங்கி ஒரு பார் முழுதும் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போனால், டாம் எதுவுமே தேவைப்படாது.

கேள்வி: வீட்டில் சத்தம் போட முடியாது. பயிற்சித் திண்டில் (குச்சி எகிறும் ரப்பர் பரப்புள்ள சிறு பலகை) ஃபில் பழக முடியுமா?

பதில்: கை வரிசையும் தாளமும் முழுவதும் பழகலாம், நகர்வை மட்டும் பழக முடியாது. ஒரு திண்டை நடுவிலும், மடித்த கெட்டித் துணிகள் மூன்றை டாம்கள் இருக்கும் இடத்திலும் வைத்துக்கொண்டால் அதிலும் பாதி தேறிவிடும். தலையணையில் மட்டும் அடித்துப் பழகாதீர்கள். குச்சி எகிறாது என்பதால், எகிறி வரும் குச்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் பழக்கமே கைக்கு வராது.

உண்மையான கிட்டில் உட்காரும் நாளில் காதை மூடிக்கொள்ளுங்கள். பணியிட ஒலிக்கு அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நையோஷ் (NIOSH) பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். மூடிய அறையில் ராக் வாசிக்கும் கிட் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும், காதுக்குப் பக்கத்தில் கிராஷ் வேறு இருக்கிறது. வாசித்து முடித்த பின் காதில் "கீ" என்று ஒலி நின்றால் அன்று காதுக்கு அளவு மீறிவிட்டது.

கேள்வி: குழுவில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் அதிகமாக ஃபில் வாசிக்கிறேன் என்று பாடகர் கோபிக்கிறார். எத்தனை பாருக்கு ஒன்று வாசிக்கலாம் என்று கணக்கு உண்டா?

பதில்: கணக்கு இல்லை, ஆனால் உங்கள் பாடகர் சொல்வது சரியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நானும் அந்தக் குற்றத்தைச் செய்தவன். முதன்முதலாக மேடையேறிய அன்று, அந்த வாரம்தான் கைக்கு வந்திருந்த ஒரு முழுப் பார் ஃபில்லை எங்கெல்லாம் நான்காவது பார் வந்ததோ அங்கெல்லாம் வாசித்தேன். மூன்றாவது பாட்டில் சரணம் பல்லவிக்குத் திரும்பும் இடத்தில், வரியின் கடைசிச் சொல்லை அடக்கமாகப் பாட வேண்டிய பாடகரின் குரலின் மேல் நான்கு டாம்களையும் கொட்டிவிட்டேன். அவர் பாடுவதை நிறுத்திவிட்டு, ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பி, "நீயே பாடிவிடு" என்றார். அரங்கம் சிரித்தது, அந்தப் பாட்டு முடியும் வரை நான் ஒரு ஃபில்லும் வாசிக்கவில்லை. பின்னர் பதிவைக் கேட்டபோது, அன்று வாசித்தவற்றிலேயே அந்தப் பாட்டின் பிற்பாதிதான் நன்றாக இருந்தது.

குரல் ஓடும் இடத்தில் ஃபில் வேண்டாம். குரல் மூச்செடுக்கும் இடத்தில் வாசிக்கலாம். பாடகர் வரியின் முடிவை நீட்டிப் பிடிக்கிறவரா, வெட்டி நிறுத்துகிறவரா என்று கவனியுங்கள். நீட்டுகிறவருக்கு ஒற்றை எண்ணிக்கை ஃபில்லே அதிகம். பாட்டின் வரிகளை எழுதிவைத்துக்கொண்டு, பகுதி மாறும் இடங்களில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நான்கு நிமிடப் பாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் ஏழு எட்டுக்கு மேல் தேறாது. அவற்றிலும் எல்லாவற்றிலும் ஒரே பலத்தில் வாசிக்காமல், கடைசிப் பல்லவிக்கு முன்னால் வருவதைப் பெரியதாக வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சிறியனவாக்குங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸும் ஏசி/டிசி குழுவின் ஃபில் ரட்டும் இந்தச் சிக்கனத்துக்காகவே பேர் வாங்கியவர்கள். பின்னவரின் பெயரிலேயே ஃபில் இருப்பது தற்செயல்.

கேள்வி: நடு ஃபில்லில் வழி தவறிவிட்டால் என்ன செய்வது? எண்ணிக்கை மறந்துபோய் எங்கே இறங்குவது என்றே தெரிவதில்லை.

பதில்: கைகளை எடுத்துவிடுங்கள். கால் மட்டும் ஓடட்டும். குழுவில் மற்றவர்கள் தாளத்தை விடாமல்தான் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பேஸ் கிட்டாரைக் கேளுங்கள், அடுத்த பாரின் தொடக்கத்தை அது காட்டிவிடும். அந்த ஒன்றில் கிராஷையும் கிக்கையும் தயக்கமில்லாமல் அடித்துப் பீட்டுக்குள் போய்விடுங்கள். நடுவே விழுந்த மௌனத்தை யோசித்து வைத்த இடைவெளி என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது அதைப் பாராட்டினால், நன்றி சொல்லிவிட்டு மறுநாள் காலையில் அதே பாரை 60 வேகத்தில் உட்கார்ந்து வாசியுங்கள்.